காலை உயர்த்தி வைக்கவும்

வலது கால் பெருவிரல் நகத்தின் ஒரு ஓரத்தைக் கீறி எடுத்த அன்று டாக்டர் தந்த சீட்டில் நான்கு வரிகள் இருந்தன. முதல் இரண்டும் மாத்திரைகள். மூன்றாவது, கட்டை நனைக்கக் கூடாது. நான்காவதை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்: இரண்டு நாள் காலை உயர்த்தி வைக்கவும். "ஸ்டூல் மேல வைக்கறதச் சொல்லல மேடம். படுத்துக்கிட்டு, நெஞ்சு மட்டத்துக்கு மேல. ரெண்டு தலகாணி வெச்சுக்கங்க" என்றார். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ல முடியுமா?" என்று கேட்டார். ஆண்களிடமும் இதைக் கேட்பாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு நகத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இந்தத் தொகுப்பின் தோழியிடமே கேட்டேன். அவள்தான், "நீ எட்டு மாசம் மறைச்சியே, அதை எழுது" என்றாள்.

எட்டு மாதம் என்பது உண்மைதான். தவறு என்னுடையது. நகத்தை ஓரங்களில் வளைத்து அரைவட்டமாக வெட்டுவேன். அப்படித்தான் வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்த நினைவில்லை, ஆனால் என் வயதுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் வெட்டுகிறோம். கால் நகத்தை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் சதைக்கு வெளியே தெரிய விட வேண்டும் என்பதை நாற்பத்து நான்கு வயதில் அறுவை மேசையில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். மூலையை ஒட்ட வெட்டினால் உள்ளே ஒரு முள் போன்ற நுனி மிஞ்சும். நகம் முன்னால் வளரும்போது அந்த நுனி சதைக்குள் இறங்கும். அதோடு, நாக் குழு கல்லூரிக்கு வந்த வாரம் முழுக்க முனை குறுகிய கட் ஷூ போட்டிருந்தேன். துறைப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறப் புடவை, அதற்கேற்ற காலணி. அது கடைசி உபகாரம்.

எங்கள் கல்யாணத்தில் ஒரு பெரியவர் "நகமும் சதையுமா இருங்க" என்று வாழ்த்தினார். எவ்வளவு தூரம் வரைக்கும் என்று அவர் சொல்லவில்லை.

முதலில் நகச்சுத்து என்றே நினைத்தோம். கைவிரலில் வந்தால் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டுச் செருகிக்கொள்ளலாம். கால் பெருவிரல் நுழையும் எலுமிச்சை கரையான்சாவடி மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. அத்தை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார். இதம்தான். மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கினேன். சீழ் வற்றியது, மூன்று வாரத்தில் திரும்பியது. மறுபடி வாங்கினேன். குத்திக்கொண்டிருக்கும் நகம் உள்ளேயே இருக்கும்போது மாத்திரை எத்தனை முறை தின்றாலும் இதுதான் நடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைத் தள்ளிப்போடுவதற்குத்தான் மாத்திரை.

டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த காலம் அது. தூண்களுக்கும் தகரத் தடுப்புகளுக்கும் இடையில் நடந்துவந்து ஷேர் ஆட்டோவில் ஏறும்போது ஒருவர் விரலை மிதித்துவிட்டார். அவர் "சாரி சிஸ்டர்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பிறகு நிறைய யோசித்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் பழக்கத்தில் சிரிக்கிறது. ராத்திரி போர்வையின் எடையைக்கூட விரல் தாங்காது. பாதத்தை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்துத் தூங்கினேன், கொசு கடித்தாலும் பரவாயில்லை என்று. வகுப்பில் எடையை இடது காலுக்கு மாற்றி நின்றேன். ஒரு மாணவி, "மேம், நீங்க இப்பல்லாம் மேசையில சாஞ்சுக்கிட்டே பாடம் எடுக்கறீங்க, ஸ்டைலா இருக்கு" என்றாள்.

டாக்டரிடம் போக வைத்தது அம்மாவின் கால்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர். 1964இல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டைக்குள் எண்பதுகளின் நடுவில் போனார், இருபத்தொரு வருடம் நின்றார். 'வேலை பார்த்தார்' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "எட்டு மணி நேரம் நின்னுட்டு வரேன்" என்பார். மண்ணூர்பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டுவார். அப்பா உள்ளே வரும் சத்தம் கேட்டதும் மடக்கிக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? அப்பாவின் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் என் நினைவில் இன்றும் அம்மாவின் கால் மடங்கும் அசைவோடு சேர்ந்தே வருகிறது.

நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு, இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 44ஆம் பிரிவில் இருந்தது. அம்மா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட வரி. அவரிடம் இதைச் சொன்னபோது, "பெஞ்சு இருந்துச்சும்மா. சூப்பர்வைசர் பையை வெச்சிருப்பாரு" என்றார்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபின் பெருவிரல் நகம் உள்ளே குத்தியது. பிளேடால் தானே ஓரத்தைச் சீவிக்கொண்டார். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும், காயம் தெரியாது, தெரிந்தாலும் ஆறாது. எங்களுக்குத் தெரியும்போது விரல் கறுத்திருந்தது. விரலை எடுத்தார்கள். பெருவிரல் இல்லாத கால் தரையை உந்தித் தள்ள முடியாமல் தடுமாறும் என்பதை அம்மா நடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் நகத்தைப் பற்றிக் கேட்டதும் போனில், "நீ பிளேடைத் தொடாத" என்றார். எனக்குச் சர்க்கரை இல்லை என்றேன். "இல்லன்னு யாரு சொன்னா? எப்பப் பார்த்த?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். சர்க்கரை இல்லை. அங்கிருந்தே பூந்தமல்லியில் அறுவை மருத்துவரிடம் நாள் வாங்கினேன். சனி, ஞாயிறு கிடைக்குமே என்று வெள்ளிக்கிழமை.

அத்தைக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. "வெள்ளிக்கிழமை அதுவுமா நகம் வெட்டுவாங்களா?" இரண்டாவது அதிர்ச்சி, நர்ஸ் மெட்டியைக் கழற்றச் சொன்னது. பக்கத்து விரல் வீங்கியிருந்ததால் சோப்பு நுரை போட்டு உருவினார்கள். பெண்ணியம் எழுதுகிறவள் மெட்டி போட்டிருந்தாளா என்று கேட்கலாம். போட்டிருந்தேன். இருபது வருடம் போட்ட ஒன்று கழற்ற வேண்டிய பொருளாகவே கண்ணில் படாமல் போய்விடுகிறது. இப்போது அது கண்ணாடி அலமாரியில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சிகிச்சையைச் சொல்லிவிடுகிறேன், பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். வலி என்பது ஊசி மட்டும்தான். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரப்பு ஊசி. பழுத்த இடத்துக்கு அருகில் போகிற ஊசி என்பதால் அந்த அரை நிமிடத்தில் பல்லைக் கடித்தேன். பிறகு விரல் இன்னொருத்தியுடையதாகிவிடுகிறது. அடியில் ரப்பர் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்துகிறார்கள். முழு நகத்தையும் பிடுங்குவதில்லை. குத்துகிற ஓரத்தை மட்டும் நீளவாக்கில் கீறி, வேர் வரை உருவுகிறார்கள். அந்த ஓரம் மறுபடி முளைக்காமலிருக்க வேரில் ஃபீனால் தடவுகிறார்கள். பழைய சிவப்பு சோப்பின் நெடி. கார்பாலிக் அமிலம் என்ற பெயரில் 1865இல் ஜோசப் லிஸ்டர் காயங்களுக்குப் பயன்படுத்திய அதே பொருள்தான். எடுத்த துண்டைக் காட்டச் சொன்னேன். ஒரு நெல்மணி அளவுகூட அகலமில்லை. இதற்கா எட்டு மாதம்?

என் தப்பு, மரப்பு இருக்கும் தைரியத்தில் மாத்திரையைத் தள்ளிப்போட்டது. மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடும், விடுவதற்கு முன்பே வலி மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆட்டோ குமணன்சாவடி நெரிசலில் நின்றபோது விரல் திரும்பி வந்தது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு அடி. இதயம் நெஞ்சிலிருந்து இறங்கிக் கால் நுனிக்குப் போய்விட்டதைப் போல. காலைத் தொங்கவிட்டால் அந்தத் துடிப்பு கூடும், ரத்தம் கீழிறங்கி வீங்கிய இடத்தை அழுத்தும். உயர்த்தினால் இரண்டே நிமிடத்தில் குறையும். அடுத்த மூன்று நாளும் இதைக் கடிகாரம்போலச் சோதித்துப் பார்த்தேன். பாரசிட்டமாலைவிடத் தலையணை எனக்குக் கேட்டது.

தலையணையை எங்கே போடுவது?

எங்கள் வீட்டில் படுக்கையறைக் கட்டிலில் தலைமாட்டை மாற்ற முடியாது, அலமாரி இடிக்கும். காலை உயர்த்தினால் பாதம் சாமி அலமாரியைப் பார்க்கும். கூடத்து சோஃபாவில் படுத்தால் வாசல் கதவைப் பார்க்கும். வெள்ளிக்கிழமை மாலை இணையரின் பெரியப்பா விசாரிக்க வந்தார். எழுபத்தெட்டு வயது, நல்ல மனிதர், ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அவர் நுழைந்த கணத்தில் என் கால் தானாகக் கீழே இறங்கியது. மூளை சொல்லவில்லை, யாரும் பார்க்கவில்லை, கால் இறங்கிவிட்டது. அம்மாவின் கால். சைக்கிள் ஸ்டாண்டு சத்தம். அவர் முக்கால் மணி நேரம் இருந்தார். தரையில் ஊன்றிய விரல் கட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்வீட் கார்ன் சூப் வைப்பது எப்படி என்று அவர் மருமகளுக்காக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனபின் கட்டில் சிவப்பு ஊறியிருந்தது.

பெரியப்பா கேட்டிருந்தால், "காலைத் தூக்கி வெச்சுக்கோம்மா" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

தமிழில் கால் நீட்டுவதும் கால்மேல் கால் போடுவதும் திமிர். காலாட்டிக்கொண்டு சாப்பிடுவது சோம்பல். ஒற்றைக் காலில் நிற்பதுதான் உறுதி. நான் இந்த மொழியில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். பதினேழு வருடமாகப் பத்துப்பாட்டு நடத்துகிறேன். பொருநராற்றுப்படையில் பாடினியின் பாதத்துக்கும் சிறுபாணாற்றுப்படையில் விறலியின் பாதத்துக்கும் ஒரே உவமை வரும்: ஓடிக் களைத்த நாயின் நாக்கு. சிவந்து மென்மையாக இருப்பதற்கான உவமை என்று உரைகள் சொல்வதையே நானும் சொல்லி, மாணவிகள் முகம் சுளிப்பதை ரசித்துக் கடந்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் என் விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது களைப்புதான் அந்த உவமையில் முன்னால் நிற்கிறது என்று தோன்றியது. நாய் நாக்கைத் தொங்கவிடுவது அழகுக்காகவா? அவள் பாலை வழியில் நடந்து வந்திருக்கிறாள். நத்தத்தனார் அதோடு விடவுமில்லை. மராமரத்தின் அடியில், விட்டுவிட்டு விழும் நிழலில் விறலியர் உட்கார்ந்திருக்க, நடந்து தளர்ந்த அவர்கள் பாதங்களை இளைஞர்கள் மெல்லத் தடவிவிடுகிறார்கள். தம் தொழிலன்றி வேறொன்றும் கல்லாத இளைஞர்கள் என்று அவர்களுக்கு விளக்கம் சொல்வார்கள். பெண்ணின் காலை ஆண் பிடித்துவிடுவதை வழிநடையின் சாதாரண வேலையாக எழுதியிருக்கும் பாட்டு. தேர்வுக்கு நான் அதில் உவமைகளையும் நல்லியக்கோடனின் கொடையையும்தான் கேட்டிருக்கிறேன்.

இணையர் கல்லாதவர் அல்ல, என்ஜினியர். நல்லவர் என்று எழுதினால் அவருக்குச் சங்கடம், மோசமானவர் என்று எழுதினால் பொய். அன்று வெள்ளி இரவு ஹோட்டலில் வாங்கினார். சனிக்கிழமை காலை சமையலறையில் விளக்கு எரிந்தது, தோசைக்கல் சத்தம் கேட்டது. அவர் என்று நினைத்து நிம்மதியாகக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டோடு வந்தது அத்தை. எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். "அவன் தூங்கறான், ராத்திரி உனக்குத் துணையா முழிச்சிருந்தான் இல்ல" என்றார். அவர் முழித்திருக்கவில்லை.

என் கால் தலையணைமேல் இருந்த முதல் நாள் காலை, அந்த வீட்டில் கூடுதலாக நின்றது இன்னொரு பெண்ணின் கால். அந்தத் தோசை தொண்டையில் இறங்கவில்லை. இறங்கவில்லை என்று எழுதுகிறேன், மூன்றும் சாப்பிட்டேன். பிறகு இணையரை எழுப்பி, மதியச் சமையலும் ஞாயிறு முழுவதும் அவருடையவை என்று சொன்னேன். மகளையும் கூப்பிட்டார். நான் மகளை அனுப்பவில்லை. "அவளும் கத்துக்கட்டுமே" என்றார். "முதல்ல நீங்க கத்துக்கங்க" என்றேன். கொஞ்சம் சண்டை. சாம்பாரில் புளி அதிகம்.

இந்த வீட்டில் யாராவது நோயில் படுத்தால் நிற்பது யார் என்பது எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. கடைகளில் அப்படி இல்லை, இப்போது எழுதியே இருக்கிறது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பயனாக 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம் முழுக்கக் கால்விரல்களின்மேல் நிற்கும் நிலை கூடாது என்று பொருள்படும் சொற்கள் அதன் ஆங்கில வாசகத்தில் உண்டு. அது வெறும் மரபுத்தொடர்தான், தெரியும். என் விரல் அதை நேர்ப்பொருளில் படித்தது.

திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இன்னொரு நாற்காலியில் காலை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன். பதினேழு வருடத்தில் முதல் முறை. முதல் பத்து நிமிடம் யாராவது மேலதிகாரி தாழ்வாரத்தில் வருகிறாரா என்று கண் போய்க்கொண்டே இருந்தது. வகுப்பு முடிந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி நின்றாள். சனி, ஞாயிறுகளில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். "எங்க செக்‌ஷன்ல ஸ்டூல் போட்டிருக்காங்க மேம். உட்கார்ந்தா கேமராவுல தெரியும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா அடுத்த வாரம் ஷிப்ட் குறையும்" என்றாள். சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றாள். அவளுக்கு என்னிடம் கேட்க வேண்டியிருந்தது வேறு: "நகம் எடுத்தா எத்தனை நாள் லீவு போடணும் மேம்?" அவள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். என்னுடையதைவிட மோசமாக இருந்தது.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இரண்டு நாள் உண்மையான ஓய்வு. மாத்திரையை வலி வந்தபின் தேடாமல், முதல் நாள் மட்டுமாவது டாக்டர் சொன்ன இடைவெளியில் போட்டுவிட வேண்டும். முதல் கட்டை அவர்கள் சொல்லும் நாளில் பிரிக்கும்போது துணி ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் தானே விடும். நான் இழுத்தேன். மகள் தான் அழுதாள். ஃபீனால் போட்ட இடம் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கும் மேல், நீர் கசியும். அது சீழ் இல்லை, பயப்பட வேண்டாம். சிவப்பு பாதத்தில் பரவினாலோ, துர்நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, குறைய வேண்டிய வலி கூடினாலோ உடனே போக வேண்டும். விரலைத் தொடாத திறந்த செருப்பு. சர்க்கரை இருந்தால் வீட்டில் எதையும் வெட்டவே கூடாது. இதில் எதுவும் கஷ்டமில்லை, முதல் வரியைத் தவிர.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட முடியாது என்றாள். வாரநாளில் வைத்துக்கொள்ளலாம், வருகைப்பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விதிப்படி அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. பார்த்துக்கொண்டேன். அவள் விடுதி அறையில் தலையணை ஒன்றுதான் இருந்ததாம், பக்கத்துப் பெண்ணின் புத்தகப் பையை அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் குடியிருக்கும் பகுதியில் கரையான்சாவடி, குமணன்சாவடி என்று ஊர்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அத்தை இங்கே நாற்பத்தாறு வருடமாக இருக்கிறார். அவர் உட்கார்ந்து பார்த்த இடங்களை நினைத்துப் பார்த்தேன்: அரிவாள்மனை முன், மாவு சலிக்கும்போது, சாமி முன். சீரியல் பார்க்கும்போதுகூடக் கையில் கீரை இருக்கும்.

ஐந்தாவது வாரம் புண் மூடிவிட்டது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் வளரும். இப்போது என் பெருவிரல் நகம் ஒரு பக்கம் சற்று ஒடுங்கி, வலமாகச் சாய்ந்த மாதிரி இருக்கிறது. பழகிவிட்டது. மெட்டியைப் பற்றி அத்தை இரண்டு முறை கேட்டார், மூன்றாவது முறை கேட்கவில்லை.

போன வாரம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சாவி போட்டுத் திறந்தபோது கூடத்து சோஃபாவில் அத்தை படுத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை, பாதத்துக்குக் கீழே ஒன்று. பாதம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. கதவுச் சத்தத்தில் சட்டென்று மடக்கப் போனார். நான்தான் என்று தெரிந்ததும் பாதி மடங்கிய கால் அங்கேயே நின்றது.

"இந்தத் தலகாணி உனக்கு இன்னும் வேணுமா?" என்றார்.